கட்டைவெரலுக்குக் கெடச்ச ரெண்டு சதுரம்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க. நான் சொல்லச் சொல்ல என்ற மருமகதான் எழுதறா. அவளப் பத்தி நான் சொல்றதுல எதையாச்சும் முழுங்கிப்போடுவாளோ என்னமோ, அதனால நீங்க கொஞ்சம் சேத்தியே புரிஞ்சுக்கோணும்.

சொல்ல வந்தது ஒரு கேம் மிசினப் பத்தி. கையில புடிச்சு வெளையாடறது. ரெண்டு பக்கமும் கைப்புடி, நடுவுல டிவியாட்ட ஒரு கண்ணாடி. மருமக போன தீவாளி போனஸ்ல வாங்குனா. அவ வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில கம்ப்யூட்டர்ல பேட்டன் போடறவ. சட்டைக்கு எங்க கழுத்து, எங்க கை, எத்தன இஞ்சுன்னு முச்சூடும் அவதான் வரைவா. ஊட்டுக்கு வந்தா அந்த மிசின எடுத்துக்குவா. ஒரு ஊரையே அதுல கட்டி வெச்சிருக்கறா, ரோடு, கொழா, கரண்டு கம்பம் எல்லாம் போட்டு. நெசமான ஊருக்கு இப்பிடித் தண்ணி உட்டா நல்லாருக்கும்னு எம் பையன் சொல்லுவான்.

அந்த மிசின நான் மொதல்ல தொட்டது வெளையாடறதுக்கு இல்லீங்க, சட்டை தைக்க. எங்கூர்ல எதுக்கும் ஒரு பனியன் துணி உறை போட்டுத்தான் வெப்போம். மிக்சிக்கு உறை, கேஸ் சிலிண்டருக்கு உறை, டிவி ரிமோட்டுக்கு உறை. கட்டிங் வேஸ்ட் மூட்டையில வர்றது, சும்மா எதுக்குப் போகோணும்? இத்தன வெல குடுத்த மிசின் அம்மணமாக் கெடக்குதேன்னு, கருப்பு இன்டர்லாக் துணிய ரெண்டு மடிப்பா வெச்சு, ஓரத்துக்கு வரிவரியா இருக்கற ரிப் துணி குடுத்து, அப்பிடியே புடிச்சாப்பல ஒரு உறை தைச்சேன். பட்டனுக்கு ஓட்டை, கட்டைவெரல்ல சாய்க்கற ரெண்டு குச்சிக்கு ஓட்டை, கண்ணாடிக்குச் சன்னல். குச்சிக்குக் கீழ ரெண்டு பக்கமும் வழவழன்னு ரெண்டு சதுரம் இருந்துது. பட்டனும் இல்ல, எழுத்தும் இல்ல. கம்பெனிக்காரன் பேரு அச்சடிக்க உட்ட எடமாட்ட இருக்குதுன்னு நெனச்சு அதையும் சேத்து மூடிப்போட்டேன்.

மருமக பாத்துட்டு, ரொம்ப நல்லாருக்குதுங்க அத்தேன்னு சொல்லிப்போட்டா. நாலு நாள் அந்த உறையோடவே வெளையாடறா. மொகம் மட்டும் சரியில்ல. ரோடு போடறவ ஆத்துக்குள்ள போட்டுட்டு, உதட்டக் கடிச்சுட்டு அழிக்கறா. அஞ்சாம் நாள் எம் பையந்தான் விசயத்தப் போட்டு ஒடச்சான். "அம்மா, அந்தச் சதுரந்தான் அதுல மவுசு. நீ அதப் போயி போர்வ போத்திப் படுக்க வெச்சிருக்கற. அவ உங்கிட்டச் சொல்லமாட்டாம முழிக்கறா."

எனக்கு வெக்கமாப் போச்சு. ஏன் கண்ணு சொல்லலீன்னா, நீங்க ஆசையாத் தைச்சதுங்கறா. நாங்க கொங்குக்காரங்க இப்பிடித்தானுங்க. ஒறம்பரை, சொந்தக்காரங்க ஊட்டுல காப்பியில உப்பப் போட்டுக் குடுத்தாலும் நல்லாருக்குதுங்கன்னு குடிச்சுட்டு வருவோம்.

கத்திரி எடுத்துட்டு வந்து நானே ரெண்டு சதுரத்தையும் வெட்டித் தெறந்து உட்டேன். அப்பத்தான் மருமக என்ற கையப் புடிச்சு, வலது கட்டைவெரல அந்தச் சதுரத்து மேல வெச்சா. வெச்சு நவுத்துனா கண்ணாடியில ஒரு அம்பு நவுருது. அது மட்டுமில்ல, வெரலுக்கு அடியில கிர்ர்னு சன்னமா ஒரு துடிப்பு. ரிப் துணி மேல நகத்த ஓட்டுனாப்பல.

நான் இருவத்தெட்டு வருசம் பனியன் கம்பெனி செக்கிங்கில இருந்தவ. பீஸ மேசையில போட்டு, உள்ளங்கையில தடவிக்கிட்டே போவோம். கண்ணு பாக்கறதுக்கு முன்ன கை சொல்லிப்போடும், இங்க ஒரு ஓட்டை இருக்குது, இங்க ஊசி இழுத்திருக்குதுன்னு. அப்பறம் பிசிறு வெட்டற கத்திரி. அதுல போச்சு கட்டைவெரல் முட்டி. ரேகையும் தேஞ்சு போச்சு. ரேசன் கடை மிசின்ல வெரல வெச்சா, நீ ஆருன்னே தெரியலேங்குது. கடைக்காரப் பையன் தொடச்சு வெய்யுங்க, அமுத்தி வெய்யுங்கன்னு சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சு போவான். இந்தச் சதுரம் ஒரு கேள்வியும் கேக்கல. வெச்சதும் ஒத்துக்கிச்சு.

மருமக எனக்கு ஒரு ஆட்டம் போட்டுக் குடுத்தா. ஒரு படத்தக் கிழிச்சுத் துண்டு துண்டாப் போட்டிருப்பாங்க, நாம எடுத்து அதது எடத்துல பொருத்தோணும். படிக்க ஒரு எழுத்தும் வேண்டியதில்ல. போனுல எதத் தொட்டாலும் அது ஏதோ எழுதிக் காட்டும், நான் யாரையாச்சும் கூப்புடோணும். இதுல நான் யாரையும் கூப்புடல. மொதல்ல ஒரு கோழி படம். அப்பறம் படகு. அப்பறம் ஒரு பனிமலை, எறநூறு துண்டு. அதுல பாதி வானம், எல்லாம் நீலம். மருமக எல்லாம் ஒண்ணாத்தானுங்க இருக்குதுன்னா. எனக்கு அதுல ஆறு ஷேடு தெரிஞ்சுது. ஷேடு மாறுன பீஸ் ஒண்ணு உள்ள போனா அனுப்புன லாட்டு முச்சூடும் திரும்பி வந்துரும், அந்தப் பயத்துல பழகுன கண்ணு.

குச்சியிலயும் ஆடிப் பாத்தேனுங்க. குச்சியச் சாச்சுப் புடிச்சா அம்பு ஓடுது, உட்டாத்தான் நிக்குது. நான் உடறதுக்குள்ள அது பல்லடம் போயிருது. முட்டியும் வலிக்குது. சதுரத்துல அப்பிடியில்ல. வெரல் நின்னா அம்பு நிக்கும். கண்ணாடியவே தொட்டும் ஆடலாம், ஆனா துண்டு என்ற வெரலுக்கு அடியில மறைஞ்சு போகும், மிசின ஒத்தக் கையில தூக்கோணும். எம் பையன் மிசின்ல பந்து ஆட்டம் ஆடறவன், அவனுக்கு அந்தச் சதுரம் தண்டம். அவனச் சொல்லி என்ன, ஓடறது குதிக்கறதுக்கெல்லாம் குச்சிதான் சரி. அவனுக்கு அது, எனக்கு இது.

இப்பிடி இருக்கறப்பதான் மருமக ஒரு நாள் சோறு திங்கறப்ப எம் பையன்கிட்டச் சொன்னா, மிசின மாத்திக்கப் போறேன்னு. அவ கூட வேல செய்யற தெக்கத்திப் பொண்ணுகிட்டப் புதுசா ஒண்ணு இருக்குதாம். கனம் கம்மி, கண்ணாடி பெருசு, ஆனா சதுரம் இல்ல. நாள் முச்சூடும் மவுசப் புடிச்சு இவளுக்கு மணிக்கட்டு வலி, கனத்தத் தூக்க முடியல. அந்தப் பொண்ணுக்கோ இந்தச் சதுரம் மேல ஆச. ஞாயித்துக்கெழம வந்து மாத்திக்கறதாப் பேச்சு.

எனக்கு அந்தச் சதுரத்த உட மனசில்ல. ஆனா என்னத்தச் சொல்றது? அவ சம்பாரிச்சு வாங்குனது. அவ கைக்கு வலி. பேரன் பேத்தி எடுத்தவ வெளையாட்டுச் சாமான் வேணும்னு அடம் புடிக்கறதா? நல்லதுங் கண்ணு, கனம் கம்மின்னா நல்லதுதானேன்னு சொன்னேன். பனிமலைய ஞாயித்துக்கெழமைக்குள்ள முடிச்சுப்போடலாம்னு பாத்தேன், முடியல.

ஞாயித்துக்கெழம அந்தப் பொண்ணு வந்துது. நான் கோழிக்கொழம்பு வெச்சிருந்தேன். என்னைய ஆச்சின்னுதான் கூப்புடும், பேச்சு பட்டாசாட்டம். சாப்புட்டுட்டு ரெண்டு மிசினையும் பாயில வெச்சாங்க. மருமக புதுசத் தூக்கி, எவ்வளவு லேசுன்னு சந்தோசப்பட்டா. எனக்கும் பாத்துச் சந்தோசமாத்தான் இருந்துது, பொய் சொல்லல. அந்தப் பொண்ணு நம்ம மிசினத் தெறந்தா, பாதி பனிமலை நிக்குது. ஒரு நீலத் துண்ட எடுத்து வானத்துல எங்கியோ வெச்சா. ஒட்டல. இன்னொரு எடம். ஒட்டல.

"அது கீழ் வானம் கண்ணு, மலையோரம்" அப்பிடின்னுட்டேன். வாய் சும்மா இருக்கல.

"இத யார் ஆடுறது, ஆச்சியா? நான் அக்கான்னு நெனச்சேன்" அப்பிடின்னா அவ.

மருமக உடனே புது மிசின என்ற கையில குடுத்து, இதுலயும் அந்த ஆட்டம் இருக்குதுங்க அத்தே, ஆடிப் பாருங்கன்னா. குச்சியப் புடிச்சேன். அம்பு துண்டத் தாண்டிப் போகுது, திருப்புனா இக்கட்ட, இந்தப் பக்கம் தாண்டுது. ரெண்டு பேரும் என்ற மொகத்தையே பாக்கறாங்க. நல்லாருக்குதுங்கன்னு சொல்ல வாயத் தெறந்தேன். வந்தது வேற.

"அம்மிணி, எனக்கு அந்த மிசின் வேணும். இதுல என்னால முடியல."

அவ கல்யாணமாயி வந்து ஒம்பது வருசத்துல எனக்கு இது வேணும்னு நான் அவகிட்டக் கேட்டதே இல்லீங்க.  மருமக, "இத இத்தன நாளா மனசுல வெச்சுட்டா கோழி அடிச்சுக் கொழம்பு வெச்சீங்க?"ன்னு கேட்டா. கண்ணுல தண்ணி நிக்குது, சிரிக்கவும் செய்யறா.

தெக்கத்திப் பொண்ணு அவ மிசின எடுத்துப் பையில போட்டுட்டா. ஆச்சி கையிலருந்து புடுங்கிட்டுப் போனா எனக்கு இந்தக் கொழம்பு செரிக்காது, நான் காசு சேத்துப் புதுசா ஒண்ணு வாங்கிக்கறேன்னா. ஆனா சும்மா போகல. "ஒன் மாமியா வாயத் தொறந்து கேக்கறதுக்கு நான் ஞாயித்துக்கெழமையும் அதுவுமா பஸ் ஏறி வரணுமாக்கும்"னு மருமகளக் குத்திக் காட்டிட்டுத்தான் போனா. மிச்சக் கொழம்ப டப்பாவுல ஊத்திக் குடுத்தேன்.

மருமகளுக்கு மணிக்கட்டு வலி அப்பிடியேதான இருக்குது, அதுக்கு என்ன பண்றதுன்னு ரோசன பண்ணுனோம். மடியில தலகாணிய வெச்சு, அது மேல மிசின வெச்சோம். கனமே இல்ல. மருமக எடது பக்கத்துச் சதுரத்துல வெரல வட்டமாச் சுத்துனா படம் கிட்ட வரும், எட்டப் போகும். வலது பக்கம் என்ற வெரல். அவ வானத்தக் கிட்டக் கொண்டாருவா, நான் துண்ட வெப்பேன். கொஞ்ச நேரத்துல, இது அந்த ஷேடு இல்லீங்க அத்தே, அக்கட்ட வெய்யுங்கன்னு அவளே சொல்ல ஆரம்பிச்சுட்டா.

இன்னும் நாப்பது துண்டு இருந்துது. சார்ஜ் போயிருச்சு. சரி, அது ஏறட்டும்னு மாட்டி உட்டுட்டு, காயப்போட்ட துணி எடுக்க ரெண்டு பேரும் மாடிக்குப் போனோம்.