மாமாவின் காதுப் புண்

என் அக்கா கணவர் பழைய கார் வாங்கி விற்பவர். துருப்பிடித்த கதவுக்குப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து, "மழையே படாத வண்டி சார்" என்று கூசாமல் சொல்வார். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். மாமாவுக்கு மூன்று வேளையும் கிடைத்தது.

ஆறு வருடத்துக்கு முன் அவருடைய இதயம் கைவிரித்துவிட்டது. விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஒரு பையனின் இதயத்தைப் பொருத்தினார்கள். அதன் பிறகு மனிதரைப் பிடிக்க முடியவில்லை. கார் பார்க்க வருகிறவனிடமெல்லாம் சட்டையைத் திறந்து தழும்பைக் காட்டி, "பாடிதான் பழசு, என்ஜினுக்கு இருபத்திரண்டு வயசு" என்பார். ஏதோ இவரே பாடுபட்டுச் சம்பாதித்ததைப் போல.

டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். புது இதயத்தை உடம்பு ஒதுக்காமலிருக்கத் தினமும் மாத்திரை. அது எதிர்ப்புச் சக்தியை அடக்குவதால் புற்றுநோய், அதுவும் தோலில், சுலபமாக வரும். வெயிலில் தொப்பி போட வேண்டும், ஆறாத புண் வந்தால் உடனே காட்ட வேண்டும். அக்கா மூன்று தொப்பி வாங்கிக் கொடுத்தாள்.

"தொப்பி போட்டா சீக்காளின்னு நெனப்பான். அப்புறம் எவன் வண்டி வாங்குவான்?" என்று மூன்றையும் டிக்கியில் எறிந்தார்.

காது மடலில் இருந்த புண்ணை முதலில் பார்த்தவர் முடி வெட்டுகிறவர். "போன மாசமும் இருந்துச்சு சார். டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்றார். மாமா காட்டவில்லை, சலூனை மாற்றினார். காதை மூட முடி வளர்த்தார், புண்ணின் மேல் அக்காவின் முகப்பூச்சை அப்பினார். அக்கா கேட்டதற்கு, ஹெல்மெட் உரசியது என்றார். அவரிடம் பைக்கே கிடையாது. அவள் கெஞ்சினாள், அழுதாள், பேசாமலும் இருந்து பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். எனக்கு அந்த ஆளைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

எட்டு மாதம் கழித்து, கழுத்தில் கோலிக்குண்டு அளவுக்குக் கட்டி வந்த பிறகுதான் டாக்டரிடம் போனார். அக்காவும் நானும் உடன் போனோம்.

"புற்றுநோய்தான். காதுல ஆரம்பிச்சு கழுத்துக்கு இறங்கிடுச்சு" என்றார் டாக்டர். "மாத்திரைய குறைச்சா உடம்பு இதயத்த ஒதுக்கிடலாம். குறைக்கலைன்னா இது வேகமா பரவும்."

"அப்ப இதயம்?" என்றார் மாமா.

"அதுக்கு ஒரு குறையும் இல்ல."

மாமா ஜெயித்தவரைப் போல எங்களைப் பார்த்துச் சிரித்தார். அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து சொன்னாள்:

"அதுக்கு என்ன குறை வரும்? குடுத்த இடம் நல்ல இடம். வந்து சேர்ந்த இடந்தான் சரியில்ல."