கலெக்டருக்கு இடம் விடுங்கள்

திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லிக்கு ஷேர் வேன் ஓட்டிய அந்த டிரைவருக்கு மீசைதான் முகம். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் எங்கேயோ இருந்தது. நான் பூந்தமல்லியில் ஒரு சின்னக் கல்லூரியில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். நான் ஏறும்போதெல்லாம் அவர், "நவுந்து குந்துங்கபா, தம்பி கலெக்டருக்குப் படிக்குது" என்பார். உடனே இடம் கிடைக்கும். கூடவே மனுக்களும் வரும். ஒரு அம்மா தினமும் தன் தெருச் சாக்கடையைப் பற்றி என்னிடம் முறையிடுவார்.

"நான் படிக்கிறது வெறும் வரலாறுண்ணே" என்று ஒருநாள் டிரைவரின் காதில் சொன்னேன்.

"வரலாறுன்னா எவன் நைனா எடம் உடுவான்?"

பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்த அன்று, ஏறும்போதே வேன் முழுக்கக் கேட்கும்படி உண்மையைப் போட்டு உடைத்தேன். "எம்.ஏ. வரலாறு சேர்ந்துட்டேன். கலெக்டருக்கெல்லாம் நான் படிக்கவே இல்ல."

"அப்போ எங்க சாக்கடை?" என்றார் அந்த அம்மா.

டிரைவர் திரும்பக்கூட இல்லை. "தம்பி பெரிய எடத்துக்குப் போவுதும்மா. அங்க போனாதான ஆர்டர் போட முடியும்?"

அந்த அம்மா நகர்ந்து உட்கார்ந்தார்.

இன்றும் அந்தத் தெருவைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. அந்த அம்மாவின் கணக்கில் கோப்பு என் மேசையில்தானே தூங்குகிறது.