இஸ்திரி போட்ட எக்ஸ்ரே

அண்மையில் சில நாட்கள் காவலூர்ப் பக்கம் இருந்தேன். அமைதியாக எழுதலாம் என்று ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தேன். எழுதினேனா என்று மட்டும் கேட்காதீர்கள்...

எதிர் வீட்டில் கோவிந்தன், சரசு தம்பதி. கலசப்பாக்கம் பக்கத்திலிருந்து வந்து இஸ்திரிக் கடை வைத்திருக்கிறார்கள். நான் போய் இறங்கிய அன்றே என் சட்டையைப் பார்த்த சரசு, "குடுங்கண்ணா" என்று வாங்கிப்போய்த் தேய்த்துக் கொடுத்தார். கசங்கிய எதையும் அந்த வீட்டில் யாராலும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

ஒரு மாலை, துணி மூட்டையோடு படியிறங்கிய கோவிந்தன் வழுக்கி விழுந்தார். தேய்த்த துணி மண்ணில் படக்கூடாது என்று மூட்டையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. கணுக்கால் வீங்கிவிட்டது.

என் காரில் மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரே என்றால் எனக்குப் பழைய ஞாபகம்தான் — இருட்டறை, மருந்துத் தண்ணீர், கிளிப்பில் தொங்கும் ஈர ஃபிலிம், "காயட்டும், அப்புறம் வாங்க" என்ற அதட்டல். இங்கே டெக்னீஷியன் பெண் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். மூலையிலிருந்த பெட்டி லேசாக முனகியது. பொரித்த அப்பளம் போலச் சூடாக ஃபிலிம் வந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. டிரை லேசர் பிரிண்டராம். என் வீட்டிலும் ஒரு பிரிண்டர் இருக்கிறது. அவசரம் என்றால் மட்டும் பேப்பரைக் கவ்விக்கொண்டு விடாது.

டியூட்டி டாக்டர் பார்த்தார். "கிராக் மாதிரி தெரியுது. நாளைக்குக் காலைல எலும்பு டாக்டர் வர்றாரு. ஆபரேஷனா, மாவுக்கட்டானு அவர்தான் சொல்லணும். ஃபிலிமோட வந்துடுங்க."

எலும்பு டாக்டர் வாரம் ஒருமுறைதான் மலை ஏறுவார். மதியத்துக்குள் இறங்கிவிடுவார்.

திரும்பும் வழியெல்லாம் கோவிந்தன் கேட்டது ஒன்றுதான். "ஆபரேஷன்னா எத்தினி மாசம் சார் நிக்க முடியாது?"

நாள் முழுக்க நின்றே செய்கிற வேலை அது.

மறுநாள் காலை கிளம்பும்போது சரசு என்னைக் காருக்குப் பின்னால் கூப்பிட்டார். முகமே சரியில்லை.

"அண்ணா, ஒரு தப்பு பண்ணிட்டேன். அவருக்குத் தெரியாது."

"என்னம்மா ஆச்சு?"

"அந்த ஃபிலிமைச் சுருட்டிப் பையில வெச்சிருந்தேன். காலைல பார்த்தா பாய் மாதிரி சுருண்டுக்கினு கெடக்குது. பெரிய டாக்டர் கையில இப்பிடியா குடுக்கறதுன்னு... மேல ஒரு துண்டைப் போட்டு லேசா இஸ்திரி போட்டேன்."

எடுத்துக் காட்டினார். ஃபிலிம் இருந்தது. எலும்பைக் காணோம். ஒரு சுருக்கம்கூட இல்லாத, பளபளப்பான கருப்பு.

இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

"இன்னாண்ணா பண்றது? அவரு காலையே எரிச்சிட்ட மாதிரி இருக்குது."

கோவிந்தனோ, போகிற வழியில் துணி மூட்டையைக் கொடுத்துவிட்டுத்தான் வருவேன் என்று அடம் பிடித்தார். போய்ச் சேர்ந்தபோது எலும்பு டாக்டர் கிளம்பும் நேரம். கோவிந்தனை வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் இருவரும் எக்ஸ்ரே அறைக்கு ஓடினோம்.

டெக்னீஷியன் பெண் கருப்பு ஃபிலிமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரசு சொன்னதைக் கேட்டும் சிரிக்கவில்லை. அதற்கே தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

"இது சூட்டுல படம் வர்ற ஃபிலிமுங்க்கா. லேசர் எழுதும், சூடு பட்டா படம் தெரியும். மறுபடியும் அவ்ளோ சூடு காட்டினா மொத்தமும் கருத்துடும்."

"அப்ப திரும்ப எடுக்கணுமாம்மா? அவரால காலைத் திருப்பவே முடியல."

"வேணாங்க்கா. படம் கம்ப்யூட்டர்லயே இருக்குது. இன்னொரு ஃபிலிம் போட்டாப் போதும்."

அவ்வளவுதான். பெட்டி மறுபடியும் முனகியது. நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எலும்பு, விரல், கணுக்கால் எல்லாம் பத்திரமாக வெளியே வந்தன. சரசு அதை ஓரத்தில் மட்டும் பிடித்து, சூடு ஆறட்டும் என்று வாயால் ஊதிக்கொண்டே நடந்தார்.

எலும்பு டாக்டர் பையைத் தோளில் மாட்டியபடியே ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு பையைக் கீழே வைத்தார். "சின்ன கிராக்தான். எலும்பு விலகல. மாவுக்கட்டு போதும்."

சரசு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். கோவிந்தனுக்கு ஒன்றும் புரியவில்லை. "கட்டு போதும்னுதானே சொல்றாரு? இதுக்கு இன்னாத்துக்கு அழுவுற?" அவருக்கு இன்றுவரை விஷயம் தெரியாது. அவர் இந்தப் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

யோசித்துப் பாருங்கள். மெஷின் மக்கர் பண்ணினால் எத்தனை வசவு வைத்திருக்கிறோம்? ஒழுங்காக வேலை செய்தால் சொல்வதற்கு ஒரு நல்ல வார்த்தை இருக்கிறதா? அன்பின் மிகுதியில் ஒருத்தி தப்பு செய்தாள். ஏன் என்று கேட்காமல் இன்னொரு தடவை கொடுத்தது அந்தப் பெட்டி. மனிதர்களில் எத்தனை பேர் அப்படி?

கிளம்பும்போது எக்ஸ்ரே அறை வாசலில் நின்று அந்தப் பெட்டியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். தன்னைத்தான் கும்பிடுகிறேன் என்று டெக்னீஷியன் பெண் பதறி எழுந்து பதிலுக்குக் கும்பிட்டார்.

நான் திருத்தவில்லை — அவருக்கும் சேர்த்துத்தானே!