கூட்டினால் எட்டு வரும் கார்

எனக்குக் கார் வாங்கத் தேனி கடைவீதியில் ஒரு கமிட்டி கூடியது. கூடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அப்பாவின் இரும்புக்கடையில் ஒரு பெஞ்சும் இரண்டு ஸ்டூலும் இருந்தன, கடையடைக்கும் நேரத்தில் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு வீட்டுக்குப் போக மனமில்லாமலும் இருந்தது, அது போதும். எதிர்க்கடை ஜவுளிக்கடை மாமா, அடுத்த கடை மருந்துக்கடைக்காரர், பட்டாளத்தில் ரிட்டையராகி எங்கள் தெருவில் குடியிருந்த மிலிட்டரி மாமா, இவர்களுக்குத் தலைவராக அப்பா. இவர்களில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் மிலிட்டரி மாமா ஒருவர்தான். அவரும் ஓட்டியது லாரி. மற்ற மூவரும் சைக்கிளில் போனாலே எதிரே வருகிறவன் இறங்கி நிற்க வேண்டும்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. நான் பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். மார்க்கையன்கோட்டையைத் தாண்டி ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. தேனியிலிருந்து போகிற காலை பஸ், பிரேயர் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போன பிறகுதான் அங்கே போய்ச் சேரும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது மணி அடிப்பதற்குள் கேட்டுக்குள் இருக்க வேண்டும், முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடு, இன்னொரு பெண் காத்திருக்கிறாள் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிவிட்டார். அந்த ஊரிலேயே ரூம் எடுத்துத் தங்குகிறேன் என்றேன். அம்மா அழ ஆரம்பித்தார். அம்மாவின் பைபிளுக்குள் அப்போது திருநெல்வேலிப் பக்கத்து மாப்பிள்ளை ஒருவரின் போட்டோ அடையாளத்துக்கு வைத்த காகிதம்போல் இருந்தது. எந்த அதிகாரத்தைத் திறந்தாலும் அவர்தான் வந்தார். வேலை இல்லையென்றால் அவர் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அப்போதுதான் நான், கார் ஓட்டிப் போகிறேன் என்று சொல்லிவைத்தேன். சின்ன வயதில் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா தானே காரோட்டி வந்ததைப் பார்த்து அப்பா அசந்துபோய் நின்றது எனக்கு ஞாபகம் இருந்தது. அதைச் சொன்னதும் அவர் மறுபேச்சுப் பேசவில்லை. பழைய வண்டியாக, விலை குறைவாக, நடுவழியில் நிற்காததாக ஒன்று பார்ப்போம் என்றார். அங்கே ஆரம்பித்தது கமிட்டி.

ஓட்டப்போவது நான். ஆனால் அந்தப் பெஞ்சுக்கு அது ஒரு சின்ன விஷயம். டிக்கியில் ஜவுளி பேல் இரண்டாவது கிடக்க வேண்டும் என்றார் ஜவுளிக்கடை மாமா. கல்யாண வீட்டுக்குப் போனால் ஆறு பேராவது தாராளமாக உட்கார வேண்டும் என்றார் மருந்துக்கடைக்காரர். கார் வந்தால் கல்யாணங்களும் தானாக வரும் என்று அவருக்கு நம்பிக்கை. குமுளி மலையில் ரேடியேட்டர் கொதிக்காமல் ஏற வேண்டும் என்றார் மிலிட்டரி மாமா. பள்ளிக்கூடம் இருந்தது வயல்களுக்கு நடுவே. போகிற வழியில் மேடு என்று சொல்ல ஒரு வாய்க்கால் பாலம் உண்டு. அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்க வந்து, காபி வாங்கி வரச் சொன்னார்கள்.

புரோக்கர்கள் வண்டிகளைக் கடை வாசலுக்கே கொண்டுவந்தார்கள். கமிட்டி இறங்கிப்போய் டயரை உதைக்கும். கதவைத் திறந்து படார் என்று சாத்தும். பானட்டை முற்றிய தேங்காய் மாதிரி தட்டிப் பார்த்துக் காது கொடுக்கும். இதனால் என்ன தெரிந்துகொண்டார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம். முதலில் வந்தது ஓர் அம்பாசிடர். அதில் உட்கார்ந்தால் எனக்கு ஸ்டியரிங்தான் தெரிந்தது, ரோடு தெரியவில்லை. ஒரு தலையணை போட்டால் சரியாகிவிடும் என்று தீர்மானம் ஆயிற்று. விலை படியாததால் தப்பித்தேன். அடுத்து ஏலத்தோட்டத்து ஜீப். மணக்க மணக்க வந்தது. கதவு கிடையாது. சேலை பறக்கும் என்று அம்மா ஒரே சொல்லில் அதைத் திருப்பி மலைக்கு அனுப்பினார். போடியிலிருந்து வந்த கறுப்பு வண்டியில் எல்லாம் சரியாக இருந்தது, தரையைத் தவிர. காலைத் தூக்கிக்கொண்டு உட்கார வேண்டும். மழைக்காலத்தில்தானே சிரமம் என்று அதற்கும் ஒருவர் பரிந்து பேசினார்.

இப்படியே மார்ச் போயிற்று. மாப்பிள்ளை போட்டோ பைபிளிலிருந்து ரேடியோ மேசைக்கு முன்னேறியது.

பிறகு சின்னமனூரில் ஒரு பேபி கார் இருப்பதாகத் தகவல் வந்தது. அப்பாவும் கமிட்டியும் கிளம்ப, நானும் தொற்றிக்கொண்டேன். தோப்புக்காரர் ஒருவர் கொட்டகையில் துணி போட்டு மூடி வைத்திருந்தார். சின்னது, கிளிப்பச்சை. நான் உட்கார்ந்தேன், கால் எட்டியது, ரோடு தெரிந்தது. மிலிட்டரி மாமா உத்தமபாளையம் வரை ஓட்டிப்போய்த் திரும்பிவந்து, ஒரு குறையும் இல்லை என்று மிகுந்த வருத்தத்தோடு சொன்னார். கேட்ட விலையோ, அம்பாசிடருக்குக் கேட்டதில் பாதிகூட இல்லை.

ஏன் பாதிகூட இல்லை என்பதை ஜவுளிக்கடை மாமாதான் கண்டுபிடித்தார். நம்பர் பிளேட்டுக்கு முன்னால் நின்று விரல் விட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார். முகம் வெளுத்துவிட்டது.

"எட்டுல்ல வருது அண்ணாச்சி. கூட்டுனா எட்டு. சனீஸ்வரன் நம்பரு. குச்சனூர்ச் சனீஸ்வரன் கோயிலை இம்புட்டுப் பக்கத்துல வச்சிக்கிட்டு, தெரிஞ்சே யாராச்சும் இதை வாங்குவாகளா?"

தோப்புக்காரர் தென்னை மரத்து உச்சியைப் பார்த்தார். புரோக்கர் பீடி பற்றவைத்தார்.

எட்டு ஆகாது என்று சொல்ல அப்பாவுக்கு வழியில்லை. சபையில் அவர் மூப்பர். நாள் பார்ப்பது, நட்சத்திரம் பார்ப்பது, எண் பார்ப்பது எல்லாம் வெறும் பயம் என்று அந்தத் தவக்காலத்தில்தான் வாலிபர் கூட்டத்தில் நீளமாகப் பேசியிருந்தார். அதை முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்ட மருந்துக்கடைக்காரர் இப்போது பக்கத்தில் நின்று, நமக்கு எட்டு உண்டா அண்ணாச்சி என்று சந்தேகம் கேட்டார். அப்பா ஓரக்கண்ணால் நம்பர் பிளேட்டைப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. நமக்கு எட்டும் ஒன்றுதான் ஏழும் ஒன்றுதான் என்று சொல்லி அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். கார் வாங்கப் பெற்றோருக்கு அன்பு வேண்டும், பணம் வேண்டும் என்பார்கள். எனக்கு வாங்கிக் கொடுத்தது அப்பாவின் வாய்.

சிவப்பில் எல் எழுதிய தகரத்தைக் கட்டிக்கொண்டு, சந்தை இல்லாத நாட்களில் சந்தை மைதானத்தில் பழகினேன். மிலிட்டரி மாமா பக்கத்தில் உட்கார்ந்து, எதிரிப் படை வருவதுபோல் கட்டளை கொடுப்பார். கிளச்சை விடச் சொல்லும்போது விட்டால் வண்டி தவளை மாதிரி குதித்து நிற்கும். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். எல்லாப் பழகுநர்களுக்கும் நடப்பதுதான் எனக்கும் நடந்தது. ஆனால் எனக்கு நடந்தவை அனைத்துக்கும் எட்டு காரணமாயிற்று. டயர் பஞ்சரானால் எட்டு. ஆடு குறுக்கே வந்தால் எட்டு. ஆட்டுக்கு நம்பர் படிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. மைதானத்துச் சுவரில் உரசி மட்கார்டு நெளிந்த அன்று பெஞ்சில் அவசரக் கூட்டம் நடந்தது. எட்டாம் நம்பரைக் கல்யாணமாகாத பெண் கையில் கொடுப்பது ஆபத்து, எட்டைத் தாங்குகிற ராசிக்காரனாக ஒரு டிரைவரை வைப்பதுதான் வழி என்று முடிவாயிற்று. ஆளும் ஜவுளிக்கடை மாமாவிடம் தயாராக இருந்தார். திங்கட்கிழமை முதல் வருவார். அப்பா சரி என்றார். ராசிக்காக அல்லவாம், அனுபவத்துக்காகவாம்.

இதைக் கேட்ட அம்மா அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. முன்பின் தெரியாத ஆம்பளையோடு அத்தனை தூரம் தனியாக வயக்காட்டு ரோட்டில் என் பெண்ணை அனுப்பமாட்டேன் என்றார். ஆக, டிரைவர் வந்தால் வேலை இல்லை. டிரைவர் இல்லாவிட்டால் கார் இல்லை. வாசலில் கார் நிற்க, நான் வீட்டில் நிற்க, ரேடியோ மேசையிலிருந்து திருநெல்வேலிக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். அன்று ராத்திரிச் சாப்பாட்டைத் தட்டோடு தள்ளிவிட்டேன். எனக்கு அத்தனை கோபம் அதற்குப் பிறகு வந்ததில்லை.

டிரைவர் வருவதற்கு முந்தின சனிக்கிழமை, மிலிட்டரி மாமாவிடம் போய் ஒரே ஒரு தடவை அந்தப் பள்ளிக்கூடம் வரை ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டேன். அவருக்கும் திங்கள் முதல் கட்டளை கொடுக்க ஆள் இல்லாமல் போகிற துக்கம். சரி என்றார். அப்பாவிடம் கேட்கவில்லை. சனிக்கிழமை தேனிச் சந்தை. மண்வெட்டியும் கலப்பைக் கொழுவும் கயிறும் வாங்க நாலாபக்கமிருந்தும் வந்து குவிவார்கள். சொந்தத் தம்பி கல்யாணம் சனிக்கிழமை வந்ததற்காக, தாலி கட்டும் நேரத்துக்குப் போய் வாழ்த்திவிட்டுச் சாப்பிடாமல் கடைக்குத் திரும்பியவர் அப்பா. சனிக்கிழமை அவர் கடையை விட்டு நகரமாட்டார் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம்.

போனேன். பூட்டியிருந்த பள்ளி கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது குச்சனூர்க் கோயில் வழியாக வந்தோம். சனிக்கிழமை குச்சனூரில் கார் ஓட்டப் பழகுவதென்றால், அதைவிட நல்ல பரீட்சை கிடையாது. ரோடு முழுக்கக் குளித்த தலையோடு ஜனம், எள் விளக்குக் கடைகள், மாட்டுவண்டிகள், நடுவில் காக்காய்கள். ஹாஃப் கிளச்சில் ஊர்ந்தேன். மிலிட்டரி மாமா கட்டளையை நிறுத்திவிட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது அந்தக் கூட்டத்துக்குள் அப்பா நின்றார்.

ஈரத்தலை. வெள்ளை வேட்டி. கையில், எரிந்து முடிந்த எள் விளக்கின் மண் சிட்டி. அதை எங்கே போடுவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார், பழக்கமில்லாத கை. எல் போர்டை முதலில் பார்த்தார், பிறகு நம்பரை, பிறகு என்னை. ஓடி ஒளிய அங்கே இடமில்லை.

மிலிட்டரி மாமா இறங்கிப் பின் சீட்டுக்குப் போனார். பட்டாளத்தில் அவர் கற்ற ஒழுங்கை நான் மெச்சியது அன்று ஒருநாள்தான். அப்பா என் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினார். நல்லெண்ணெய் வாசனை வண்டி முழுக்க வந்தது. ஊரைத் தாண்டும் வரை, வாயில் தயாராக இருந்த எல்லாக் குத்தல்களையும் நான் அடக்கிக்கொண்டேன்.

"காருக்காக வரலத்தா" என்றார் கடைசியில். "அவரு மேல நமக்கு நம்பிக்கை இல்ல. அவரு கண்ணு ஒம் மேல இருந்தா என்ன செய்யிறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அதோடு கண்ணும் நிறைந்துவிட்டது. இந்த மனிதர் என்னை ஓட்ட விடாததற்கு எட்டு காரணமில்லை, ஊர்ப்பேச்சு காரணமில்லை. நான் செத்துப்போவேன் என்று பயந்திருக்கிறார். அதை வீட்டில் சொல்லத் தெரியாமல் இத்தனை தூரம் வந்து, அவர் நம்பாத ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். சந்தை நாளில். எதிரே வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைக்க நேரமில்லை. இடதுபக்கம் மண்ணில் இறக்கி, கியரை மாற்றி, லாரி போனதும் ரோட்டில் ஏறினேன். அப்பா ஒரு கையால் கதவுப் பிடியைப் பிடித்திருந்தார். இன்னொரு கையால் டாஷ்போர்டை. ஆனால் நிறுத்து என்று சொல்லவில்லை.

தேனிக்குள் நுழைந்ததும் வீட்டுக்குத் திருப்பப் போனேன். கடைக்குப் போ என்றார். சந்தைக் கூட்டத்துக்குள் ஹாரன் அடித்து, கடை வாசலில் கமிட்டியின் முகத்துக்கு நேரே நிறுத்தினேன். கடையைப் பார்த்துக்கொண்டிருந்த ஜவுளிக்கடை மாமா எழுந்தே நின்றுவிட்டார். அப்பா இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"டிரைவரை வர வேணாம்னு சொல்லிருங்க. எம் மகளே ஓட்டிக்கிருவா."

"எட்டு?" என்றார் மாமா.

"ஜெபம் பண்ணியாச்சு."

எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மருந்துக்கடைக்காரர் ஸ்தோத்திரம் என்று சொன்னார். மிலிட்டரி மாமா பின் சீட்டிலிருந்து வெளியே வரச் சற்று நேரமானது. அவருக்கு இருமல் வந்துவிட்டது.

லைசென்ஸும் வாங்கிக்கொண்டு, ஜூனில் பள்ளி திறந்தபோது மணி அடிப்பதற்குள் கேட்டுக்குள் இருந்தேன். போட்டோ திருநெல்வேலிக்குத் திரும்பிப் போனது. பச்சைக் காரை வைத்துப் பல வருடம் ஓட்டினேன். நடுவழியில் அது என்னை விட்டதில்லை. எட்டு அதற்கு ராசியான எண் என்று ஜவுளிக்கடை மாமா பிற்பாடு சொல்லிக்கொண்டு திரிந்தார், தாமே தேடிக் கண்டுபிடித்த மாதிரி.

அப்பா அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் எண் பார்க்கிறவர்களைச் சபையில் ஒரு பிடி பிடிப்பார். ஆனால் சனிக்கிழமைகளில் அவருக்குச் சின்னமனூர், குச்சனூர்ப் பக்கம் ஏதோ ஒரு சோலி வந்துவிட்டது. சந்தை நாள், கடை நிறையக் கூட்டம், கல்லாவில் அம்மா. அவர் பஸ் ஏறிப் போய்விடுவார். காரில் கொண்டுபோய் விடவா என்று நான் கேட்டால் வேண்டாம் என்பார். நான் கார் ஓட்டிய காலம் முழுக்க, ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் அந்தச் சோலி இருந்தது.