மூட்டைமேல் தூக்கம்

திண்டுக்கல்லில் ரயில் ஏறியதும் என் பெரிய பெட்டி கதவோரத்திலேயே சிக்கிக்கொண்டது. "வழிய அடைச்சு வச்சா எப்படிங்க போறது?" என்று ஒருவர் சத்தம் போட்டார். அதே எரிச்சல், அதே கேள்வி. என் சின்ன வயதில், துணி வியாபாரியான என் அத்தா சின்னாளப்பட்டிச் சேலை மூட்டையோடு ஏறும்போதும் இதைத்தான் கேட்பார்கள்.

உடனே அத்தா என்னைத் தூக்கி மூட்டைமேல் உட்காரவைப்பார். "கண்ண மூடிக்க அப்பு. தூங்குற புள்ளைய யாரும் எழுப்ப மாட்டாங்க." புதுச்சேலையின் கஞ்சி வாடையில் பொய்த்தூக்கம் நிஜமாகிவிடும். திட்டியவரே என் காலில் இடிக்காமல் ஒதுங்கிப் போவார். சென்னை வரை அத்தா நின்றே வருவார்.

இன்று, நிற்க முடியாத அசதியில், பெட்டிமேல் உட்கார்ந்து கண்ணை மூடினேன்.

"யோவ் பெருசு, எந்திரி. பெட்டிய நகத்து."