இடது கையில் செதுக்கிய பல்

என் தம்பி சிதம்பரநாதனுக்குத் தி. நகரில் ஜவுளிக்கடை. அவன் மகள் தேவானை எழுபத்திரண்டில், பி.யூ.சி.யில் எக்கச்சக்கமாக மார்க் வாங்கிப் பல் டாக்டர் படிப்பில் சேர்ந்தாள். அதே வருஷம் அவள் தாய்மாமன் மகன் ரகுபதிக்கும் இடம் கிடைத்தது. அவனுக்கு மார்க் கம்மிதான். நேர்முகத்தில் மளமளவென்று பேசியே உள்ளே நுழைந்துவிட்டான் என்று வீட்டில் ஒரே கேலி.

அவன்தான் முதல் வருஷத்தில் மாட்டுவான் என்று சொந்தமெல்லாம் சொன்னது. தேவானைக்கோ என் தம்பி ஒரு நிபந்தனை வைத்திருந்தான். "ஒரு பாடம் போச்சுன்னாலும் படிப்பு போதும். மாப்பிள்ளை பாத்துருவேன்."

ஆனால் அழுத முகத்தோடு மேற்கு மாம்பலத்தில் என் வீட்டுக்கு வந்து நின்றவள் தேவானைதான். ரகுபதியும் கூட வந்திருந்தான். மெழுகுக் கட்டியைக் கத்தியால் செதுக்கி, அசல் போலப் பல் செய்ய வேண்டுமாம். அதற்கும் பரீட்சை உண்டாம்.

"பெரியம்மா, இவ செஞ்ச கடைவாய்ப்பல்லைப் பாருங்க. பனங்கிழங்கு மாதிரி இல்ல?" என்றான் ரகுபதி.

"உனக்கு எதைப் பாத்தாலும் பனங்கிழங்குதான்," என்றாள் அவள்.

அவன் செய்தது யாரோ பிடுங்கி வைத்த பல் போலவே இருந்தது. அவ்வளவு மார்க் வாங்கினவளுக்கு இது ஏன் வரவில்லை? என் எதிரிலேயே செய்யச் சொன்னேன். வலது கையில் கத்தி வழுக்கிக்கொண்டே இருந்தது. சலித்துப்போய் அதை இடது கைக்கு மாற்றியவள், சுட்டதுபோல் கீழே வைத்துவிட்டாள்.

பிறவியில் அவள் இடது கைக்காரி. அந்தக் கையால் துணி எடுத்துக் கொடுத்தால் யாவாரம் விளங்காது என்று என் தம்பி சின்ன வயதிலேயே அடித்து மாற்றியிருந்தான்.

"அதுலயே செய்யேன் ஏட்டி. இங்க யாரு சேலை வாங்க வந்திருக்கா?" என்றான் ரகுபதி.

செய்தாள். கத்தி சொன்னபடி கேட்டது. அன்று முதல் தன் வீட்டிலும் அந்தக் கையால்தான் செதுக்கிப் பழகினாள். ஒரு மதியம் சாப்பிட வந்த என் தம்பி பார்த்துவிட்டான்.

"எந்தக் கைட்டி அது?"

"அப்பா, இந்தக் கைதான் பாஸாகும். கடையில ஒரு துணியைக்கூட இதால தொட மாட்டேன். இதுக்கு மட்டும் விட்டுருங்க."

அந்த மெழுகுப் பல்லைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தானாம். "கதவைச் சாத்திக்கிட்டுச் செய்," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே கடைக்குப் போனானாம்.

தேவானை எல்லாப் பாடத்திலும் தேறினாள். செதுக்குவதில் அசத்திய ரகுபதி, உடற்கூறுப் பாடத்தில் விழுந்து மறுபடி எழுதினான். அப்படியானால் பழைய மார்க் சொன்னது நிஜமா, பொய்யா? பாதி நிஜம் போலிருக்கிறது. மீதிப் பாதி கையில் இருந்தது; அதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்த தம்பியிடம், "இன்னும் கதவைச் சாத்திக்கிட்டுத்தான் செய்யுதாளா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. தொறந்து வச்சே செய்யட்டும்னு சொல்லிட்டேன்," என்றான். "உள்ள ஒரே புழுக்கம்."