பண்ணைப்புரத்துப் பாறைக்கு ஒரு குடம் தண்ணீர்

தேனியில் இருபது வருடமாகச் சிமெண்ட் விற்கிறேன். சொந்த வீடு மட்டும் இல்லை. பண்ணைப்புரம் பக்கம் மலையடியில் இருபது சென்ட் விலைக்கு வந்ததும், மாசிக் கடைசி ஞாயிறு காலை 6.10க்கு நானும் என் மனைவி செல்வியும் பைக்கில் கிளம்பினோம். உத்தமபாளையம் வழியாக ஏறத்தாழ 40 கி.மீ. பெட்ரோல் 200 ரூபாய். வழியில் இட்லி, டீ இரண்டு பேருக்கும் 110.

இடத்தின் நடுவே நாலு லாரி நிற்கும் அளவில் ஒரு பாறை. செல்விக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அதன் மேலேயே வீடு, கதவைத் திறந்தால் மலை. எனக்கோ அஸ்திவாரச் செலவு மிச்சம். ஏறி நின்று வண்டிச் சாவியால் தட்டினேன், கணீரென்றது. அன்றே அட்வான்ஸ் கொடுத்துவிடுவதாக முடிவு செய்தோம். மூட்டையைத் தட்டியே சிமெண்ட் இறுகிக் கட்டியாகிவிட்டதா என்று சொல்லும் கை இது. அந்தத் திமிர்.

கீழ்ப்பக்கத்துத் திராட்சைத் தோட்டத்துக்கு வேலிக்கல் உடைத்துக்கொண்டிருந்த மாயாண்டி அண்ணன் சுத்தியலோடு வந்தார்.

“உச்சியில தட்டுனா எல்லாக் கல்லும் நல்ல கல்லுதான் அண்ணாச்சி. பொண்ணு பாக்கப் போனா பவுடரை மட்டுமா பாப்பீக?”

“என்னைய அப்படித்தான் பாத்தாக,” என்றாள் செல்வி.

அவர் பாறையின் விலாவில் தட்டினார். பொத்தென்றது. மேலே ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு எங்களை உட்காரச் சொன்னார். அரை மணி நேரத்தில் பாறை காய்ந்தது. குறுக்கே ஒரு கறுப்புக் கோடு மட்டும் காயவில்லை. அதுதான் விரிசல்.

“பகல் வெயில்ல உப்புது, ராத்திரி குளுந்து சுருங்குது. வெங்காயம் மாதிரி தோலு உரியும். அந்தச் சந்துல மழைத்தண்ணி எறங்குனா, ஒடையிறதோட நிக்காது. கல்லு களிமண்ணாவே மாறிப்போகும்.”

விரிசலில் கம்பியை விட்டு இழுத்தார். பழுப்பு மண் கொட்டியது. என் கடையில் ஈரம் பட்ட சிமெண்ட் கல்லாகும். இங்கே ஈரம் பட்ட கல் மண்ணாகியிருந்தது.

செல்வியின் முகம் தொங்கிப்போனது. கொஞ்ச நேரம் கழித்து அந்த மண்ணை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தாள்.

“அண்ணே, கீழ திராட்சைத் தோட்டத்து மண்ணும் இதான?”

“இதேதான் ஆத்தா. அங்கன இருந்த பாறை என்னைக்கோ கரைஞ்சு முடிச்சிருச்சு. இது இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு.”

இடத்தை வாங்கினோம். வீடு பாறை மேல் இல்லை. இருபது அடி தள்ளி, மேட்டுப் பக்கம். ஜன்னல் பாறையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பது செல்வியின் கண்டிஷன். பாறையடியில் நாலு திராட்சைக் கொடி வைத்திருக்கிறாள்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் காலை எட்டு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள்; பிறகு பாறை காலைச் சுடும். தோல் உரிந்து நிற்கும் பாறைக்கடியில் நிழலுக்கு ஒதுங்காதீர்கள். தண்ணீர் இரண்டு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். இடம் வாங்கும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் குடிக்காமல் வையுங்கள்.